கானாவாழை

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை பெய்து ஓய்ந்த பின்னர், காலைப் பொழுதில் வேலியோரத்தையோ வாய்க்காற் கரையையோ சற்றே குனிந்து நோக்கினால், பசும்புல்லிடையே நீலப் பொட்டு வைத்தாற்போன்ற சிறு மலர்கள் ஆங்காங்கே தோன்றும். சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் மலிந்த பூவுலகில் நீலம் அருகியே காணப்படுகிறது. அவ்வரிய நிறத்தைத் தாங்கி, யாரும் நடாமலும் நீர் ஊற்றாமலும் தானே வளரும் இச்செடிக்குக் கானாவாழை என்று பெயர். கானாம்வாழை என்று வழங்குவாரும் உளர். உழவர் இதனைக் களை என்று வெறுப்பர். கீரை பறிப்போர் இதன் இளந்தளிரைக் கிள்ளிச் சமைப்பர். ஆடுமாடுகள் விரும்பி மேயும். தாவர நூலார் இதனைக் கொம்மெலினா பெங்காலென்சிஸ் என்னும் பெயரால் குறிப்பர்.

காலையில் கண்ட மலரை நண்பகலில் மீண்டும் காணச் சென்றால் ஏமாற்றமே எஞ்சும். பூ இருந்த இடத்தில் பூ இராது. இஃது எங்கே போயிற்று என்பதையும், அரைநாள் மட்டுமே வாழும் மலரை உடைய செடி உழவனின் களைக்கொட்டுக்கும் அழியாமல் எவ்வாறு பெருகுகிறது என்பதையும் அறிய வேண்டுமாயின், முதலில் இச்செடியை ஐயமின்றி இனங்காணக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயரில் வாழை இருப்பினும், கானாவாழை வாழைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இதன் தண்டு மென்மையானது, சாறு மிக்கது. தரையோடு படர்ந்து சென்று, நுனி மட்டும் சிறிது நிமிர்ந்து நிற்கும். கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி அமைந்திருக்கும். இலையின் அடிப்பகுதி ஓர் உறையாகித் தண்டைச் சுற்றித் தழுவிக்கொள்ளும். நெல்லிலும் சோளத்திலும் இத்தகைய உறையைக் காணலாம். இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நரம்புகள் வலைபோற் பின்னாமல் அடியிலிருந்து நுனிவரை ஒன்றையொன்று ஒத்து ஓடுவது தெரியும். எனவே இஃது ஒருவித்திலைத் தாவரம் என்பது விளங்கும். இலை ஏறத்தாழ முட்டை வடிவினது. பெரும்பாலும் மூன்று முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உறையின் வாயிலே செம்பழுப்பு நிறமான மயிர்கள் நீண்டிருக்கும். பூ இல்லாத காலத்தும் இம்மயிர்களைக் கொண்டே செடியை அறிந்துகொள்ளலாம்.

பூக்கும் காலத்தில் இவற்றினும் சிறந்த அடையாளம் ஒன்று உண்டு. கிளையின் நுனியில், இலைபோற் பசுமையான மடல் ஒன்று புனல் வடிவில் குவிந்து நிற்கும். மடலின் ஓரங்கள் அடிப்பக்கத்தில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அதனுள்ளே மொட்டுகள் பல மறைந்து கிடக்க, அவற்றுள் முறை வந்த மொட்டு மட்டும் விடியலில் வெளியே தலைநீட்டி மலரும். இதே இனத்தைச் சேர்ந்த கொம்மெலினா டிப்யூசா என்னும் மற்றொரு செடி ஈரநிலங்களில் வளர்வது. அதன் மடலோ ஓரங்கள் இணையாமல் மடித்த தாள்போல் திறந்திருக்கும். அதன் இலையும் ஒடுங்கி நீண்டது. மடலை விரலால் மெல்லப் பிரித்துப் பார்ப்பவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

நீல நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டுவது தவறாக முடியும். விஷ்ணுகிராந்தியும் தரையோடு படர்ந்து நீலமாகப் பூப்பதே. ஆயினும் அதன் பூ வட்டத் தட்டுப்போல் ஒன்றாக இணைந்தது. அஃது இருவித்திலைத் தாவரம். சங்குப்பூ கொடியாக ஏறுவது. அவரையைப் போலக் காய்ப்பது. கானாவாழையின் சுற்றமேயாகிய மர்டானியா என்னும் சிறு செடியின் பூவில் மூன்று இதழ்களும் ஒத்த அளவினவாக இருக்கும். பூவைப் பொதிந்து நிற்கும் புனல் மடல் அதற்கு இல்லை.

இனி மலரைக் காண்போம். கானாவாழைப் பூவில் அல்லி இதழ்கள் மூன்று. அவற்றுள் இரண்டு, சிறிய காம்பின்மேல் விரித்த விசிறிகளைப் போல மேலே அகன்று நீலமாக ஒளிரும். மூன்றாவது இதழோ சிறுத்து, நிறம் வெளுத்து, கீழே ஒடுங்கிக் கிடக்கும். இவ்வேற்றுமையே இவ்வினத்திற்குப் பெயர் தந்தது என்பது கேட்கத்தக்க செய்தியாகும்.

சார்ல் புளூமியே என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர் 1703ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கொம்மெலினா என்னும் பெயரை வழங்கினார். ஆலந்து நாட்டில் கொம்மெலின் என்னும் குடும்பத்தில் தோன்றிய அறிஞர்களைச் சிறப்பிக்க எழுந்தது அப்பெயர். பின்னர் 1737இல் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் இப்பெயருக்கு நயமானதொரு விளக்கம் கூறினார். பளிச்சிடும் இதழ்கள் இரண்டும் யான் கொம்மெலின், காஸ்பர் கொம்மெலின் என்னும் புகழ்பெற்ற இருவரைக் குறிக்கும். மங்கிய மூன்றாம் இதழ், தாவர நூலுக்குத் தொண்டு ஏதும் செய்து முடிக்குமுன் இறந்துபோன மற்றொரு கொம்மெலினைக் குறிக்கும் என்பது அவர் கருத்து. மறைந்தவர்மீது இது சிறிது கடுமையான தீர்ப்பே! ஆயினும் ஒருமுறை கேட்டவர் பூவின் அமைப்பை மறப்பதில்லை. இவ்விருவருள் மூத்தவராகிய யான் கொம்மெலின் தென்னிந்தியாவோடு தொடர்புடையவர். கொச்சியிலிருந்து ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீட் என்பவர், இட்டி அச்சுதன் முதலிய உள்நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு மலையாளக் கரைச் செடிகளை ஆராய்ந்து தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அத்தொகுதிகள் சிலவற்றைச் செப்பம் செய்து குறிப்புரை எழுதியவர் யான் கொம்மெலினே ஆவார்.

இதழ்களைக் கடந்து பூவின் உள்ளே நோக்கினால் கேசரங்கள் ஆறு தென்படும். அவை ஒரே தன்மையன அல்ல. மேலே நிற்கும் மூன்றும் பளபளக்கும் மஞ்சள் நிறமான சிறு சிலுவை போன்ற தலைகளை உடையவை. கண்ணைக் கவர்வன அவையே. ஆயினும் கருவுறச் செய்யும் மகரந்தத்தைத் தரும் தொழில் அவற்றுக்கு இல்லை. அத்தொழிலைச் செய்வன கீழே நீண்டு நிற்கும் மற்ற மூன்று கேசரங்கள். இம்மலரில் தேனும் கிடையாது. மஞ்சள் தலைகளை நாடி வந்து அமரும் தேனீயின் வயிற்றில், அஃது அறியாமலே கீழ்க் கேசரங்களின் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அமரும்போது அம்மகரந்தம் அதன் சூலகமுடியிற் சேர்கிறது. இவ்வாறு நிகழ்வதே அயல் மகரந்தச் சேர்க்கை.

தேனீ வராவிடில் என்னாகும்? வெயில் ஏற ஏற மலர் மூடத் தொடங்கும். அப்போது கேசரத் தண்டுகளும் சூல்தண்டும் உள்நோக்கிச் சுருண்டு ஒன்றோடொன்று நெருங்கும். அந்நெருக்கத்தில் பூவின் சொந்த மகரந்தமே அதன் சூலகமுடியைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் இதழ்கள் வாடி உதிர்வதில்லை. நீர்த்துக் குழைந்து, துளி நீலக் கூழாகி ஒழிகின்றன. நண்பகலில் நாம் தேடியும் பூ கிடைக்காமைக்கு இதுவே காரணம். ஒரு பூவின் வாழ்வு ஒரு காலைப்பொழுது. ஆயினும் மடலுள் அடுத்த மொட்டு காத்திருக்கிறது.

இந்நீல நிறத்தைப் பற்றி மற்றொன்று கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கானாவாழைக்கு நெருங்கிய உறவுடையதும் கிழக்கு ஆசிய நாடுகளில் வளர்வதுமாகிய செடி கொம்மெலினா கொம்யூனிஸ் என்பது. ஜப்பானியர் இதனைத் ‘சுயுகுசா’ என்பர். பனித்துளிப் புல் என்பது அதன் பொருள். இதன் பெரிய மலர்களை உடைய வகையொன்றை அந்நாட்டின் சிகா மாவட்டத்தைச் சேர்ந்த குசாட்சு என்னும் ஊரார் பயிரிட்டு வந்தனர். கோடைக் காலத்தில் விடியலிலேயே மலர்களைப் பறித்து, சாறு பிழிந்து, அச்சாற்றைத் தாளின்மேல் பூசுவர்; உலர்த்தி மீண்டும் பூசுவர். இவ்வாறு பலமுறை பூசிய தாளில் சிறு துண்டை வெட்டி நீரில் ஊறவைத்தால் நீல மை கிடைக்கும். பட்டாடைகளில் ஓவியம் தீட்டும் கலைஞர் இம்மையால் முதற்கோடுகளை வரைவர். வண்ணம் தீட்டி முடிந்தபின் நீரில் அலசினால் அக்கோடுகள் தடமின்றி மறைந்துவிடும். வேறெந்த மைக்கும் குறையாகக் கருதப்படும் பண்பு இங்கே நிறைவாயிற்று! மர அச்சுப் படங்களிலும் இந்நீலம் பயன்பட்டது. ஆனால் ஒளியிலும் ஈரத்திலும் மங்கும் தன்மையது ஆதலின், 1830ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

மலரின் நீலம் எதனால் உண்டாகிறது என்பது நெடுநாள் அறிஞரை மயக்கிய வினா. சிவந்த ரோசாவிலும் நீலமான சில மலர்களிலும் ஒரே வகை நிறப்பொருள் இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டனர். மலரின் சாறு காரத்தன்மை உடையதாயின் நீலம் தோன்றும் என்று சிலர் கருதினர். ஆனால் பெரும்பாலான மலர்களின் சாறு சிறிது புளிப்புத் தன்மையதே. 1992ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் சுயுகுசாவின் நீலப்பொருளின் அமைப்பைத் தெளிவாக்கி வெளியிட்டனர். ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளின் மூலக்கூறுகள் ஆறு. நிறமற்றதுபோல் தோன்றும் பிளேவோன் மூலக்கூறுகள் ஆறு. இவற்றை இணைக்கும் மக்னீசியம் அணுக்கள் இரண்டு. இவை அனைத்தும் ஒழுங்காக அடுக்கி நின்றால்தான் அந்நீலம் பிறக்கிறது. அரைநாளில் குழைந்து ஒழியும் இதழினுள் இத்துணைக் கட்டுக்கோப்பு!

இதுகாறும் கண்டவை அனைத்தும் மண்ணுக்கு மேலே நிகழ்வன. கானாவாழையின் உண்மையான வலிமை மண்ணுக்குக் கீழே உள்ளது. செடி முளைத்து ஏறத்தாழ ஆறு வாரம் ஆனதும், அடித்தண்டிலிருந்து வெண்ணிறமான மெல்லிய கிளைகள் சில மண்ணுக்குள் இறங்குகின்றன. பார்ப்பவர் அவற்றை வேர் என்றே கருதுவர். அவை வேர் அல்ல, தண்டுகள். அவற்றில் பசுமையற்ற சிறு மடல்களும், மடல்களுள் பூக்களும் உண்டாகின்றன. இப்பூக்கள் விரிவதே இல்லை. நீல நிறம் இல்லை, தேனீயும் வேண்டுவதில்லை. மூடிய மொட்டினுள்ளேயே தன் மகரந்தத்தால் கருவுற்று, இருளிலேயே காயாகி விதையாகின்றன. நீல மலர்கள் மேலே தோன்றுமுன்பே கீழே இவ்வேலை தொடங்கிவிடுவதும் உண்டு.

மேலே உண்டாகும் காயில் பெரும்பாலும் ஐந்து விதைகள் இருக்கும். ஒன்று பெரிது, நான்கு சிறியவை. கீழே உண்டாகும் காயில் மூன்று விதைகள். ஒன்று பெரிது, இரண்டு சிறியவை. ஆகவே ஒரே செடி நால்வகை விதைகளைத் தருகிறது. மண்ணுக்குள் பிறந்த பெரிய விதை உணவு மிகுதியும் பெற்றிருப்பதால் விரைவில் முளைக்கும். சற்று ஆழத்திலிருந்தும் மேலெழும். மேலே பிறந்த சிறு விதைகளோ நெடுநாள் உறங்கிக் கிடக்கும். இவ்வாண்டு மழை பொய்த்து முளைத்த நாற்றெல்லாம் கருகினும், உறங்கிய விதைகள் பின்னொரு மழைக்கு எழுந்து வரும். இவையேயன்றி, துண்டான தண்டின் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்டால் வேர்விட்டுத் தனிச்செடியாகும்.

உழவர் இதனை வெறுப்பதன் காரணம் இப்போது புலனாகும். நிலக்கடலைக் காட்டில் களைக்கொட்டால் ஒரு செடியை வெட்டினால், வெட்டுண்ட துண்டுகள் பல செடிகளாகின்றன. பறித்ததை ஈர வரப்பில் எறிந்தால் அங்கேயே வேரூன்றுகிறது. மேற்பகுதியை மட்டும் இழுத்துப் பறித்தால், வெண்தண்டுகளும் அவற்றின் விதைகளும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. வெட்டுதல் தண்டிப்பதாகாமல் நடுவதாக முடிகிறது! செடி முளைத்த சில வாரங்களுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது அடியோடு தோண்டி எடுத்து, வறண்ட தரையில் வெயிலிற் காய வைப்பதே பயன் தரும். நாள் கடந்தபின் செய்யும் களையெடுப்பு பாதி வேலைதான்.

இத்தொல்லை நம் நாட்டு உழவர்க்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசு இச்செடியைத் தீங்கு செய்யும் களைகளின் பட்டியலில் 1983ஆம் ஆண்டில் சேர்த்தது. பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டி, ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திக் காடுகளில் இது பெருந்தொல்லையாகப் பரவியது. அங்கே கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி வகைகளைப் பயிரிட்டு, அம்மருந்து ஒன்றையே பெரிதும் நம்பியிருந்தனர். மற்றக் களைகள் மடிந்தன. அம்மருந்தை ஓரளவு தாங்கும் கானாவாழையோ, போட்டியற்ற நிலத்தில் செழித்தது.

இத்தகைய செடியை வளர்ப்பதும் வேண்டுமோ என்று வினவலாம். தோட்டத்து மண்ணில் வேண்டா. ஒரு தொட்டியில் வளர்த்துக் காண்பது மிகவும் தக்கது. காசு செலவில்லாத செடியில் இத்துணைப் பாடம் வேறெங்கும் கிடைப்பது அரிது. முதிராத தண்டில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டை எடுத்து, கீழ்க் கணுக்கள் இரண்டை மண்ணுள் புதைத்து நட்டால், சில நாட்களில் வேர்விடும். தோட்ட மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த கலவை போதும். எரு மிகுந்தால் தழை கொழுக்கும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடம் ஏற்றது. மண் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். தேங்கிய நீர் வேண்டியதில்லை. தொட்டியைத் தரையில் வைக்காமல் கல்லின்மேல் வைக்க வேண்டும். இன்றேல் படரும் தண்டு விளிம்பைத் தாண்டி இறங்கி, தரையைத் தொட்ட கணுவில் வேரூன்றிவிடும். வாரந்தோறும் விளிம்பைத் தாண்டிய நுனிகளைக் கிள்ளிவிடுதல் நன்று.

மண்ணடி மலர்களைக் காண விரும்புவோர் துண்டு நடுதலினும் நாற்று நடுதலே நன்று. மழைக்குப் பின் முளைத்த இளநாற்றொன்றை வேர் சிதையாமல் மண்ணோடு பெயர்த்து, அகன்ற கண்ணாடிச் சாடியில், கண்ணாடியை ஒட்டியவாறு நட வேண்டும். சாடியின் புறத்தே கருந்தாளைச் சுற்றி வைத்தால் உள்ளே இருள் நிலைக்கும். சாடியின் அடியில் துளை இராது ஆதலின் நீரை அளந்து ஊற்ற வேண்டும். ஆறு வாரம் கழித்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை தாளை விலக்கிப் பார்த்து உடனே மூடிவிடலாம். வேர்கள் மெலிந்து பலவாகக் கிளைத்திருக்கும். நாம் தேடும் தண்டுகளோ சிறிது பருத்து, கணுக்கள் உடையனவாக, வெண்மையாகத் தோன்றும். கணுவில் சிறு பொதிபோற் புடைத்திருப்பதே மடல்.

செடி முதிர்ந்து இலை பழுத்த பின்னர், சாடியைப் பழைய செய்தித்தாளின்மேல் கவிழ்த்து, மண்ணை நீரில் மெல்ல அலசி, மேற்காய்களையும் கீழ்க்காய்களையும் வேறுவேறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விதைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். ஐந்தும் மூன்றும் எல்லாக் காய்களிலும் தவறாமல் அமைவதில்லை. குறைந்து காணப்படும் காய்களும் உண்டு. எண்ணி முடித்த விதைகளை மூடிய புட்டியில் இட்டு வைக்க வேண்டும். அலசிய நீரை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் துணியில் வடிகட்டி, எஞ்சிய மண்ணை அடுப்பு நெருப்பில் நன்றாக வறுத்த பின்னரே வெளியே கொட்ட வேண்டும்.